இருபத்து மூன்று முள்வால் உழவாரன்கள்

ஒரு ஜீப்பின் பின்சக்கரத்தைப் பறவைக் கூட்டம் என்று நோட்டில் எழுதி, நேரம் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மாமா சொல்லிவிடுவார். அவர் சொல்லும்போது பறவைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறது.

அப்போது விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு சிலமலையில் வீட்டோடு இருந்தேன். சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்று ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. (அம்மா இதையே "சும்மா கெடக்கா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்.) எந்த முடிவானாலும் தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை என்று எழுதிப் பார்க்காமல் எடுப்பதில்லை. காலையில் இரண்டாவது டீ குடிப்பதற்குக் கூட அப்படியொரு தாள் இருந்தது.

அந்த நாட்களில்தான் மலைச்சரிவுப் பறவைகளைக் கணக்கெடுக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஆளுக்கொரு பறவை இனத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மைனா, கொக்கு, மரங்கொத்தி என்று நல்லவை எல்லாம் முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட, எனக்கு மிஞ்சியது உழவாரன். மிஞ்சியதன் காரணம் பிறகுதான் புரிந்தது. மற்றப் பறவைகள் கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்து முகத்தைக் காட்டும். உழவாரன் உட்காராது. கருக்கரிவாளை வானத்தில் வீசியது போல வரும்; நாம் தொலைநோக்கியைத் தூக்குவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஓடுகிற பஸ்ஸில் இருப்பவரை அவர் சட்டையின் பின்பக்கத் தையலை வைத்து அடையாளம் சொல்வது போன்ற வேலை.

ஆனாலும் முறையாகக் கற்றேன். போடி பஸ் நிலையத்தின் கூரைக்கடியில் கூடு கட்டி, கூட்டமாகக் கீச்சிட்டுச் சுற்றுவது நாட்டு உழவாரன். வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை இருக்கும், வால் கிட்டத்தட்டச் சதுரம். எங்கள் ஊர்ப் பனைகளைச் சுற்றும் ஒல்லியானது பனை உழவாரன்; வெள்ளைப் பட்டை கிடையாது, பிளந்த வால், மெல்லிய நடுங்கும் குரல். பாறை முகடுகளுக்கு மேலே பெரிதாக, வெள்ளை வயிற்றோடு பறப்பது மலை உழவாரன். இந்த மூன்றையும் கண்ணாலும் காதாலும் பிரித்துச் சொல்லப் பழகிவிட்டேன்.

நான்காவது ஒன்று இருந்தது: முள்வால் உழவாரன். தடித்த உடம்பு, மொட்டை வால், வாலின் நுனியில் ஊசி போன்ற முட்கள். அதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம் என்று படித்திருந்தேன். தலைக்கு மேலே நெருங்கிக் கடக்கும்போது சிறகு காற்றைக் கிழித்து "ஷ்ஷூ" என்று ஓசை எழும்பும். அந்த ஓசையின் ஒலிப்பதிவை அலைபேசியில் போட்டுப் போட்டுக் கேட்டேன். எங்கள் குழுவில் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஆகவே நான் பார்ப்பது என்று முடிவு செய்தேன். (பறவையிடம் இதைப் பற்றி யாரும் கலந்து பேசவில்லை.)

பாண்டி மாமா, அம்மாவின் தம்பி, ஜீப்பு ஓட்டுகிறவர். காய் எடுக்கும் பருவத்தில் தினமும் விடியலில் போடியிலிருந்து பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் விடுவார். அந்தத் தோட்டத்தில் எட்டு மணிக்கு வாசலில் பேர் எழுதுவார்கள். எட்டைத் தாண்டி வந்தவர்களுக்கு அன்று வேலை கிடையாது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முந்தின வாரம் வேறொரு ஜீப்பு அப்படித் திரும்பியிருந்தது.

கணக்கெடுப்புக்காக ஒரு வாரம் நானும் அந்த ஜீப்பில் போய்வருவதாக ஏற்பாடு. முதல் நாளே என் மனசாட்சி விழித்துக்கொண்டது. ஜீப்பின் பின்னால் ஸ்டெப்னி மாட்டும் கொக்கி உடைந்திருந்ததால், அந்த மாற்றுச் சக்கரம் உள்ளே பெண்களின் கால்களுக்கு நடுவே கிடந்தது. எல்லாரும் முழங்காலை மடக்கி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே தாளில் கோடு கிழித்தேன். நன்மைப் பக்கம் ஒன்பது வரிகள் வந்தன. தீமைப் பக்கம் ஒரே வரி: "டயர் போனால்?" அதன் பக்கத்தில் நானே, "வாய்ப்பு குறைவு" என்று எழுதினேன்.

தாளை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஏத்தா, பத்து வருசமா அது அங்கதான கெடக்கு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலைங்கிறதுக்காக வலி இல்லைனு ஆயிருமா மாமா?"

எங்கள் குடும்பத்தில் முதுகலை வரை போன ஒரே ஆள் நான். "படிச்ச பிள்ள சொல்லுது" என்று மாமா தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, ஸ்டெப்னியை இறக்கி, போடியில் தம் வீட்டில் உருட்டி வைத்தார்.

மறுநாள் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவரான பேச்சியக்கா, "ஆத்தா, ஏரோப்பிளேன்ல போற மாதிரி இருக்கு" என்றார். ஒரு சமூகப் பணியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்! அந்த மகிழ்ச்சியோடு மூன்றாவது கொண்டை ஊசி வளைவைக் கடந்தபோதுதான் அது கேட்டது.

ஷ்ஷு.

நிமிர்ந்தேன். மூடுபனி லேசாக விலகியிருந்தது. மேலே கரிய வடிவங்கள் சில வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஷ்ஷு... ஷ்ஷு... ஷ்ஷு. கண்ணுக்கு உழவாரன், காதுக்குச் சிறகோசை. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன. (மேலே பறந்தவை நாட்டு உழவாரன்கள், வெள்ளைப் பட்டை அத்தனை தெளிவாகத் தெரிந்ததாக, அந்தப் பதினொரு பேரில் இளையவளான செல்வி இன்றும் சொல்கிறாள். பின்சீட்டில் இருந்த அவளுக்கு வெள்ளைப் பட்டையைப் பற்றி முந்தின நாள் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.)

"யாரும் பேசாதீங்க, பேசாதீங்க!" என்றேன். பதினொரு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நோட்டைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஏத்தா, டயருல காத்து எறங்குற மாதிரில்ல கேக்குது?"

"இல்ல மாமா. டயர்னா ஒரே சீரா வரும். இது விட்டு விட்டு வருது பாருங்க. ஒவ்வொரு பறவையாத் தலைக்கு மேல தாண்டிப் போகுது."

"அப்பிடியா சொல்ற?"

"அக்கா," என்றாள் செல்வி, "சத்தம் கீழருந்துல்ல வருது?"

"மலையில எதிரொலி அப்படித்தான் இருக்கும்" என்று விளக்கினேன். பதினெட்டு, பத்தொன்பது. ஒரு சந்தேகம் மட்டும் மின்னி மறைந்தது: ஜீப்பு வேகமாகப் போனால் பறவைகளும் வேகமாகக் கடக்கின்றன, வளைவில் மெதுவாகத் திரும்பினால் அவையும் நிதானிக்கின்றன. இதை நான் ஓர் அரிய நடத்தையாகக் குறித்துக்கொண்டேன்: "வாகனத்தோடு ஒத்திசைந்து பறக்கின்றன."

இருபத்து மூன்றில் பொறுமை போய்விட்டது. "மாமா, ரெண்டே நிமிசம் நிறுத்துங்க. இஞ்சினையும் அணைச்சிருங்க."

நிறுத்தினார். மலை முழுக்க நிசப்தம். இப்போது ஓசை இடைவெளியே இல்லாமல் ஒரே நீட்டாக வந்தது: ஸ்ஸ்ஸ்ஸ்ஸ். எண்ணவே முடியவில்லை. "பெருங்கூட்டம்" என்று எழுதி, மணி ஆறு ஐம்பது என்று குறித்து, கையெழுத்திட்டேன். டயர் என்றால் ஒரே சீராக வரும் என்று சற்று முன்பு நானே சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஜீப்பு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. பெண்கள் எல்லாரும் பறவை பார்க்க அந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று எண்ணி, மக்களிடம் இயற்கை ஆர்வம் எப்படி ஊறிக் கிடக்கிறது என்று உருகினேன்.

"பாண்டி," என்றார் பேச்சியக்கா அமைதியாக. "வண்டி ஒக்காருதுய்யா."

இறங்கிப் பார்த்தோம். வலது பின்சக்கரத்தில் ஓர் ஆணி. டயரிலிருந்து எனது பெருங்கூட்டத்தின் கடைசிப் பறவை வெளியேறிக்கொண்டிருந்தது. மாமா பழக்க தோஷத்தில் ஸ்டெப்னியை எடுக்க ஜீப்புக்குள் குனிந்தார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மேலே போன ஜீப்புகள் எல்லாம் நிறைந்து வழிந்தன. ஒன்றிலும் ஓர் ஆளுக்குக் கூட இடமில்லை. பதினொரு பேருடைய அன்றைய வேலையும் என் கையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. பேச்சியக்காதான் சேலையை இழுத்துச் செருகினார். "நின்னா வேலைக்காகாது. குறுக்குப் பாதையில ஏறுங்க, வெரசா!"

நானும் இரண்டு தூக்குவாளிகளை வாங்கிக்கொண்டு அவர்களோடு ஏறினேன். யாரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் வழியில் எந்தப் பறவை கத்தினாலும் பேச்சியக்கா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டார்: "இது எந்த வண்டி டயரு தாயி?"

தோட்டத்து வாசலை அடைந்தபோது மணி எட்டு இருபத்தைந்து. மலையாளியான சூப்பர்வைசர் பிஜு, பேர் எழுதும் பேரேட்டை மூடிக் கக்கத்தில் வைத்திருந்தார். மற்ற ஜீப்புகளில் வந்தவர்கள், ஐம்பது அறுபது பேர், கூடைகளோடு வரிசையில் நின்றார்கள்.

"எந்தா பேச்சியம்மா இது? சமயம் எத்தற ஆயி? இன்னைக்குப் பேர் எழுத மாட்டேன். திரிச்சுப் போங்க."

பேச்சியக்கா நடந்ததை நடந்தபடியே சொன்னார். பிஜு சார் சிரிக்கவில்லை. "யானை மறிச்சுதுனு சொல்லுவாங்க, மரம் விழுந்துனு சொல்லுவாங்க. டயரு பறவையாப் போச்சுனு இப்பத்தான் கேக்குறேன். யாரு அந்தப் பறவைக்காரி?"

பதினொரு விரல்கள் என்னைக் காட்டின.

"ரெண்டும் ஒரே மாதிரி கேக்குமா? செஞ்சு காட்டு."

"சார்?"

"பறவை எப்படி, டயரு எப்படி? செஞ்சு காட்டு. சத்தியமா இருந்தா பேர் எழுதுறேன்."

சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். சமூகம் என் எதிரே கூடையோடு வரிசையில் நின்றது. எந்தத் தாளிலும் நான் எழுதிப் பார்த்திராத விளைவு அது. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, முதலில் முள்வால் உழவாரனாகப் பறந்தேன்: "ஷ்ஷூஉ." பிறகு பஞ்சரானேன்: "ஷ்ஷு... ஷ்ஷு..."

வரிசை குலுங்கியது. பிஜு சார் கையை உயர்த்தி அடக்கினார். "ஒருக்கா கூடி, இன்னொரு தடவை. மாத்தி மாத்திச் செய். நான் சொல்றேன்." பேரேட்டை அணைத்துக்கொண்டு அவரும் கண்ணை மூடினார்.

செய்தேன்.

"இது டயரு" என்றார்.

"இல்ல சார், அது பறவை."

"அப்ப... இது பறவை."

"அது டயர் சார்."

மூன்றாவது முறையும் தப்பாகவே சொன்னார். கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் இப்போது கோபம் இல்லை. ஒரே பரீட்சையில் தோற்ற இரண்டு பேருக்குள் வரும் இணக்கம் இருந்தது.

"மதி, மதி, போதும்" என்று பேரேட்டைத் திறந்தார். "எனக்கே தெரியல. பாவம், இந்தக் குட்டிக்கு எப்படித் தெரியும்? பேச்சியம்மா, பேர் சொல்லு."

பதினொரு பேரும் எழுதப்பட்டார்கள். தாமதமான நேரத்தைச் சாப்பாட்டு வேளையில் ஈடு செய்வதாகப் பேச்சு.

நான் பஸ்ஸில் போடிக்கு இறங்கி, ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு, மறு பஸ்ஸில் மலையேறினேன். நடத்துநர் அதை வைக்க வேறிடம் தரவில்லை. காலுக்கு நடுவில் சக்கரம், முழங்கால் மடங்கி மார்பில் இடிக்க, வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப்பிடித்தபடி போனேன். பெண்களின் கால்வலியைப் பற்றி நான் எழுதியிருந்த ஒன்பது வரிகளும் சரியானவையே என்று அப்போது உறுதியாயிற்று. அடுத்த வாரமே கொக்கியைப் பற்றவைத்து ஸ்டெப்னியை ஜீப்பின் பின்னால் மாட்டினோம். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். என் தாளில் அந்த வரிக்கு இடமில்லாமல் போயிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குக்கர் மூச்சு விட்டால், "எத்தன பறவைனு எண்ணிச் சொல்லு" என்பார் அம்மா. கல்யாண வீட்டில் யாராவது சோடா பாட்டிலைத் திறந்தால் மாமா வானத்தைப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஜாதகத்துக்கு முன்பே இந்தக் கதை சொல்லப்பட்டது. (அப்படி வந்த மாப்பிள்ளை ஒருவர் சிரித்துவிட்டு, "ரெண்டையும் செஞ்சு காட்டுவீங்களா?" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.)

போன பருவத்தில், அதே பறவைக் கணக்கெடுப்புக் குழுவுக்காக மறுபடி மாமாவின் ஜீப்பில் ஏறினேன். அதே மூன்றாவது வளைவு. பேச்சியக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று, மிக அருகில், காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு முறை:

ஷ்ஷூஉ.

மாமா பிரேக்கை மிதித்தார். பெண்கள் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக எட்டிக் குனிந்தார்கள். நான் குதித்து இறங்கி, வலது பின்சக்கரத்தில் காதை வைத்தேன். பிறகு இடது. பிறகு முன்சக்கரங்கள். நான்கும் கல் போல இருந்தன.

அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. நிமிர்ந்தேன். குரங்கணிப் பக்கத்துச் சரிவின் மேலே தடித்த உடம்போடு ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. வாலைப் பார்க்க முடியாத தொலைவில், புள்ளியாகி, இல்லாமல் போனது.

காதால் மட்டும் கேட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அன்றைய பாடத்துக்குப் பிறகு நானே எனக்கு விதி வைத்திருந்தேன். ஆகவே நோட்டைத் திறந்து, நேரம் குறித்து, கண்ணாலும் காதாலும் உறுதி செய்ததை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்:

"டயர்: நான்கு. அனைத்தும் நலம்."