கெழட்டு சுறா எங்க கீது?

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் ஆண்ட்ரூவுக்கு,

மாமா பிரகாசம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். உன் அக்காவும் நலம், என்னோடு பேசாததைத் தவிர. சிந்தாதிரிப்பேட்டையில் நீயும் நலமாகத்தான் இருப்பாய், நான் இன்னும் நேரில் வரவில்லையே!

ஜனங்களின் மெசேஜைத் திறக்கிற சாவியை அரசாங்கத்துக்குக் கொடுக்கலாமா என்று டிவியில் சண்டை நடந்தபோது, "தப்பு பண்ணாதவனுக்கு இன்னா மாமா பயம்?" என்றாய். அப்படிக் கேட்பவன் வீட்டில் கல்யாண வயதில் பெண் இல்லை என்று அர்த்தம். நம் ஜெசிகாவுக்கு வந்த இரண்டு வரனும் விஷயம் வெளியே கசிந்துதான் கலைந்தது. அதனால் இந்த மூன்றாவது வரனைப் பற்றி, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கே சொல்லும்வரை மூச்சு விடக்கூடாது என்று, நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கும்போது நானே ஒரு சங்கேத பாஷை கண்டுபிடித்தேன். மாப்பிள்ளை என்றால் வஞ்சிரம். மாப்பிள்ளையின் அம்மா என்றால் சுறா. டெல்லியில் உட்கார்ந்து எவன் படித்தாலும் மீன்காரன் கணக்கு என்றுதான் நினைப்பான். அதை உனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபிக்கிறாயே, போனில் சொன்னால் அவர்களும் கேட்டுவிட மாட்டார்களா? புத்தி வேண்டாமா உனக்கு?

"ஞாயிறு காலை வஞ்சிரம் வருது, கூடவே கெழட்டு சுறா, பல்லு ஜாஸ்தி, ஜாக்கிரதை" என்று அனுப்பினால், தாய்மாமன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவான் என்று காத்திருந்தேன். நீ பெரிய பையும் அரிவாள்மனையுமாக வந்து நின்று, அந்தம்மா காபியை வாயில் வைக்கிற நேரம் பார்த்து, "மாமா, அந்தக் கெழட்டு சுறா எங்க கீது? நானே அறுத்து புட்டு பண்ணிடறேன்!"னு கத்துறே, என் பாழாப்போன கண்ணு நேரா அந்தம்மா மேல போகுது, அவங்க டம்ளரைக் கீழே வச்சாங்க, பையனைப் பார்த்தாங்க, "கெளம்புடா"ன்னாங்க, அவ்ளோதான். உன் அக்கா அழுத அழுகையில் நானும் கூடச் சேர்ந்து அழுதேன், ஒளிப்பானேன்.

ஆனாலும் என் சங்கேதத்தில் ஒரு குறையும் இல்லை. அரசாங்கத்தாலேயே உடைக்க முடியாததை உன் அரிவாள்மனை உடைத்தது. சுறா என்பது எங்கள் வீட்டில் மரியாதைச் சொல் என்று அந்தம்மாவிடம் நாளைக்கே போய் விளக்கப்போகிறேன். நம்பிவிடுவார்கள். அடுத்த சங்கேதம் காய்கறியில், விவரம் நேரில்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
மாமா பிரகாசம்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜெசிகா வந்து உட்கார்ந்தாள். அவளும் அந்த மாப்பிள்ளைப் பையன் பிரசாத்தும் இரண்டு வருஷமாக மெசேஜில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். தரகர் கொண்டுவந்த வரன் மாதிரி நடித்ததெல்லாம் எனக்காகத்தானாம். உன் அக்காவுக்கும் தெரியுமாம். என் மீன் சங்கேதக் கதையை பிரசாத் எடுத்துச் சொன்னதும் அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்து, ஓலைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். ஒரே வீட்டில் இருந்தும் என் காதுக்கு ஒரு எழுத்து கசியவில்லை. மச்சான், நீ சொன்னதுதான் சரி. அரசாங்கத்துக்குச் சாவியைக் கொடுத்துவிடட்டும். அப்பன்மாருக்கும் ஒன்று.