ஸ்டேரிங் யார் என்ற தகராறு

நியெண்டோ, மசாக்கா, உகாண்டா
திங்கட்கிழமை, விடியற்காலை

என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய எரினா அக்கா அவர்களுக்கு, தம்பி லுட்டாயா பணிவோடு எழுதிக்கொள்வது. ஜின்ஜாவில் நீங்கள், மாமா, மாமாவின் முழங்கால், தையல் கடை, கடைக்கு முன்னால் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும் அந்த ஆடு, எல்லாரும் சௌக்கியமா? மழை விழுந்ததா? வாழை குலை தள்ளியதா? இங்கே நாங்கள் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து சூபியைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. படித்தது போதும், அத்தை கடையில் உட்கார்ந்து காஜா எடுக்கட்டும் என்று முடிவு செய்தவன் நான்தான். வேறு என்ன செய்வது? பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நம் அப்பாவின் குரல் அப்படியே வந்து சேர்ந்தால் அது என் குற்றமா? வகுப்பில் பேர் கூப்பிடும்போது இவள் “உள்ளேன் டீச்சர்” என்றால் பின்னால் இருந்து ஒரு கூட்டம், “தாத்தா வந்துட்டாரு, நாற்காலி போடுங்கடி!” என்கிறதாம். அதற்குத் தலைவி பேஷன்ஸ் என்றொரு பெண். பேரில் மட்டும்தான் பொறுமை. தினமும் காலையில், “தாத்தா, பாட்டிக்கு முதுகு வலி தேவலையா?” என்று விசாரிப்பாளாம். கடைசியில் சூபி வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். மூன்று வாரமாக இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு டீச்சர் ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் வந்து அழுதாள். நான் பெற்ற அப்பன் அல்லவா, முழு அக்கறையோடு கேட்டேன், அதாவது ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டே கேட்டேன். “அதையெல்லாம் கண்டுக்காதம்மா. பேசறவ பேசட்டும், நாம தாங்கிப்போம். மட்டோக்கே ஆறிடும், போய்ச் சாப்பிடு” என்று ஆறுதலும் சொன்னேன். இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்?

இப்போது நேற்றைய கூத்துக்கு வருகிறேன். நம் வீடியோ கொட்டகையில் ஞாயிறு மதியக் காட்சிக்கு ஒரு புதுப் படம் வாங்கி வந்தேன். எந்த நாட்டுப் படமோ, கடவுளுக்கே வெளிச்சம். அட்டையில் ஒரு பையன் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். முஷ்டி என்றால் சண்டை என்று நினைத்தேன், நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வாசல் பலகையில் ‘ரத்தம் தெறிக்கும் சண்டைப் படம்’ என்று சாக்பீஸால் எழுதினேன். கொட்டகை நிரம்பி வழிந்தது. மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர்கள் முதல் மூன்று பெஞ்சு, சந்தைக்காரர்கள் நடுவில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக. அந்த ஓரத்தில் பேஷன்ஸும் தன் தோழிகளோடு வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். பின்னாடி ஒட்டுப்பலகை அறையில் சூபி மெஷினைப் பார்த்துக்கொள்ள, மைக்கைப் பிடித்து வெளிநாட்டான் பேசுவதை நம் பாஷையில் சொல்ல நம்ம வீஜே புயல் உட்கார்ந்தான். புயலுக்கும் அந்தப் பாஷை தெரியாது. அது ஒரு பெரிய குறையா? இதுவரை எந்தப் பாஷைதான் தெரிந்து சொல்லியிருக்கிறான்!

படம் ஆரம்பித்தது. எங்கே பார்த்தாலும் பனி. ஒல்லியாக, மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு பையன் பள்ளிக்கூடம் போகிறான். நாலு பேர் வந்து அவன் பையைப் பிடுங்கிப் பனியில் வீசுகிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் நல்ல உயரம், நல்ல சட்டை, நல்ல பூட்ஸ். ஓங்கி ஒரு குத்து விட்டான். புயல் யோசிக்கவே இல்லை. “ஜனங்களே, பார்த்துக்கோங்க, இவன்தான் நம்ம ஸ்டேரிங்!” என்று அறிவித்துவிட்டான். படத்தில் ஸ்டேரிங் என்றால் கதாநாயகன், ஸ்டேரிங் அடிப்பான், ஸ்டேரிங் சாக மாட்டான், இதுதானே நம் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். கொட்டகை ஒரே விசில். உயரமானவன் ஒல்லிப்பிச்சானைக் கழிப்பறையில் பூட்டினான், கைதட்டல். ஒல்லிப்பிச்சானின் மத்தியானச் சாப்பாட்டைக் கொட்டினான், பெஞ்சு மேல் ஏறி நின்று கைதட்டல். பேஷன்ஸ் கூட்டம் “போடு, இன்னொண்ணு போடு!” என்று கத்தியது. நானும் கொஞ்சம் தட்டினேன் அக்கா, பொய் சொல்லக் கூடாது.

அரை மணி ஆயிற்று. சண்டையைக் காணோம். ஒல்லிப்பிச்சான் அழுகிறான், அப்புறம் நடக்கிறான், அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். ஸ்டேரிங்கையோ பத்து நிமிஷமாக ஆளே காணோம். “டேய் புயல், ஸ்டேரிங் எங்கடா போனான்? சாப்பிடப் போயிட்டானா?” என்று முன் பெஞ்சு கேட்டது. புயலுக்கு வேர்த்தது. “தொண்டை கட்டிக்கிச்சு, ஒரு முட்டைச் சப்பாத்தி வாங்கிட்டு வந்துடறேன்” என்று மைக்கை வைத்தவன் பின் கதவு வழியாகப் போய்விட்டான். இன்னும் வரவில்லை. வெறும் பனியும் வெளிநாட்டுப் பேச்சும் ஓட, கொட்டகை பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. நல்லவேளையாக உயரமானவன் திரும்ப வந்தான், ஒல்லிப்பிச்சானைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான், ஜனங்கள் “ஸ்டேரிங்! ஸ்டேரிங்!” என்று ஆடினார்கள். அப்போதுதான் ஸ்பீக்கரில் நம் அப்பாவின் குரல் கேட்டது.

“நிறுத்துங்க! அவன் ஸ்டேரிங் இல்ல!”

எனக்கு உயிரே போய்விட்டது. செத்தவர் எழுந்து வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“இத்தனை நேரம் அடி வாங்கறவனைப் பார்த்துச் சிரிச்சீங்களே, அவன்தான் ஸ்டேரிங். கேமரா யார் பின்னாடி நடக்குது, பார்க்க மாட்டீங்களா? ஜன்னல்ல பார்க்கறது யாரு? கண்ணு இருக்கா உங்களுக்கு?”

“அடிக்காதவன் எப்படிம்மா ஸ்டேரிங்?” என்றார் ஒரு டாக்சிக்காரர்.

“உட்காருங்க, சொல்றேன்” என்றாள். உட்கார்ந்தார் அக்கா! போலீஸ் சொன்னாலே உட்காராத ஆள்.

அதற்கப்புறம் உங்கள் மருமகள் செய்ததை நான் என்னவென்று சொல்ல? அந்த உயரமானவன் வாயைத் திறந்தால், “தாத்தா, பாட்டிக்கு முதுகு வலி தேவலையா?” என்று, பேஷன்ஸின் கீச்சுச் சிரிப்போடு சேர்த்துச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேஷன்ஸ் பக்கம் திரும்பினார்கள். அவள் கையில் இருந்த கடலை கையிலேயே நின்றது. சரி, ஊர்ப் பெண்ணைத்தானே சொல்கிறாள் என்று நான் சும்மா இருந்தேன். அடுத்த காட்சியில் ஒல்லிப்பிச்சானின் அப்பா வந்தார். சாப்பாட்டு மேஜை, சூப்பு, மீசை. பையன் ஏதோ சொல்லி அழுகிறான், அவர் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அந்த வெளிநாட்டு மீசைக்காரர் வாயில் இவள் என்ன வைத்தாள் தெரியுமா? “அதையெல்லாம் கண்டுக்காதம்மா. பேசறவ பேசட்டும், நாம தாங்கிப்போம். மட்டோக்கே ஆறிடும், போய்ச் சாப்பிடு.” சூப்பு குடிக்கிறவன் வாழைக்காய் மசித்த மட்டோக்கேக்கு எங்கே போவான்? ஆனாலும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. “ஏய், இது நம்ம லுட்டாயா குரல்டா!” என்று ஒருவன் கண்டுபிடித்துச் சொல்ல, இருநூறு தலை என் பக்கம் திரும்பியது. நான் பெஞ்சில் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். அங்கே பெஞ்சு இல்லை. வலது மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருக்கிறது. மணிக்கட்டு வலி ஒன்றும் பெரிதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கடைசியில் அந்தப் பையன் யாரையும் அடிக்கவே இல்லை அக்கா. வகுப்பில் வாத்தியார் பேர் படிக்கிறார். அவன் எழுந்து நிற்கிறான். உயரமானவன் பின்னால் இருந்து சிரிக்கிறான். பையன் வாயைத் திறந்து சின்னதாக ஏதோ சொல்கிறான். அது என்னவென்று அந்த நாட்டுக்காரனுக்குத்தான் தெரியும். அப்புறம் இவள் சொன்னாள், “என் பேரு சூபி. என் குரல் இதுதான். உள்ளேன் டீச்சர்.”

கொட்டகைக் கூரைத் தகரம் இன்னும் சரியாகப் படியவில்லை, அவ்வளவு சத்தம். டாக்சிக்காரர்கள் அந்த ஒட்டுப்பலகை அறையையே தூக்கப் பார்த்தார்கள். “அடுத்த ஞாயிறும் ஸ்டேரிங்தான் சொல்லணும்!” என்று அவளையே ஸ்டேரிங் என்று கூப்பிடுகிறார்கள். பேஷன்ஸ் கதவுகிட்ட வந்து நின்றாள். “நான் அப்படியாடி சிரிக்கிறேன்?” என்று கேட்டாள். “அப்படித்தான்” என்றாள் சூபி. அந்தப் பெண் அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்படி ஆகிப்போச்சு என் நிலைமை. பெண் பிள்ளை, கையில் மைக், எதிரில் இருநூறு ஆம்பளைங்க, பெத்த அப்பனையே படத்துக்குள்ள தூக்கிப் போட்டுட்டா! அத்தைதானே நம் வழக்கப்படி புத்தி சொல்லணும்? வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, மண்டியிட வைத்து, நாலு வார்த்தை கண்டித்து, கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அவள் ரொம்பக் கெட்டிக்காரி என்றும், மெஷினை அவளைப் போல் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றும், கொஞ்சம் அழகுகூட என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. ஆட்டுக்கு ஒரு தட்டு. கடவுள் உங்கள் கூரையையும் எங்கள் கூரையையும் காப்பாற்றட்டும், எங்களுடையதைக் கொஞ்சம் சீக்கிரமாக.

தங்கள் அன்புத் தம்பி,
லுட்டாயா

பின்குறிப்பு: அத்தை, நான் சூபி. அப்பாவால் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. நடந்தது எல்லாம் நிஜம். ஆனால் புலம்பல் முழுக்க நான் போட்டது. அப்பா சொன்னது மொத்தமே கொஞ்சம்தான்: “அக்காவுக்கு எழுது. எல்லாரும் நல்லா இருக்கோம். சூபி வரல, பள்ளிக்கூடம் போறா. அவ அழுதப்ப நான் தலையைத் தூக்கிப் பார்க்கல. தப்புதான். அதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, நீ வந்து சொல்லிக் கொடு அக்கா.” இவ்வளவு சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருப்பது யார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்து, “கடைசி ரெண்டு வரியை அடிச்சிடு” என்றார். நான் அடிக்கவில்லை.