மாப்பிள்ளைக்கு, நான் துடைத்துப்போட்ட படலம் குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனாரின் ஆசிகள். இங்கு நான் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. நீங்களும் உங்கள் தாயாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன்.

பெரிய பெட்டியோடு மகள் தனியாக வந்து இறங்கியபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "இங்க ஆய்வுக்கூடத்துல ஒரு கருவி இருக்குப்பா, அதுல கொஞ்சம் வேலை" என்றாள். அதே கருவி உங்கள் ஊரிலும் இருக்கிறது என்று அவளோடு வேலை பார்க்கும் பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன, உங்கள் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று எனக்கு விளங்கிவிட்டது. நேரில் கேட்கத் தைரியமில்லை. சாப்பிடும்போது பக்குவமாகப் பேச்சை எடுக்கலாம் என்று சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போனேன். அவள் கை கழுவப் போனாள். மேசைமேல் ஒரு டப்பா திறந்து கிடந்தது, உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பளபளப்பான ஒரு சில்லு, அதன்மேல் லேசாக ஒரு கறை. ஆயுசு முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தவன் கை சும்மா இருக்குமா? எடுத்தேன், ஹா என்று ஊதினேன், சட்டை நுனியால் பளிச்சென்று துடைத்து வைத்தேன். திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கறைதான் அவள் மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த படலமாம்! ஒரே ஒரு அணு கனமாம்!

"ஒட்டிடலாமாம்மா?" என்றேன். அவள் திட்டவில்லை மாப்பிள்ளை, திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்: "பழுதில்லாம இருந்தா இதை இழுத்துக் கிழிக்கறது ரொம்பக் கஷ்டம்பா, இரும்பே தோத்துடும். ஆனா ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்துட்டா, லேசா இழுத்தாலே அது கடைசி வரைக்கும் ஓடிடும்."

உங்களைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். "எல்லாமே அப்படித்தானா?"

"இல்லப்பா, இன்னொரு ரகம் இருக்கு. அதுல கீறல் நேராப் போகாது. கிளை பிரிஞ்சு, வளைஞ்சு வளைஞ்சு போகும். அதனால சீக்கிரம் உடையாது."

மாப்பிள்ளை, தயவுசெய்து நீங்கள் அந்த இன்னொரு ரகமாக இருங்கள். கோபம் வந்தால் நேராக அவளிடம் போகாதீர்கள். கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், என்னைக் கூப்பிட்டு என்னைத் திட்டுங்கள். தப்பு அவள் பேரிலேயே இருந்தாலும் வந்து கூட்டிப்போங்கள். அவள் அம்மா இருந்திருந்தால் இதை இரண்டு வார்த்தையில் முடித்திருப்பாள். அவள் போனபிறகு எனக்கு எதையும் முடிக்கத் தெரியவில்லை, தட்டில் போட்ட சாப்பாட்டைக்கூட.

உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள் என்றும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டுமுன் மகள் பிடுங்கிப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சண்டையே இல்லையாம். "அம்மா போனப்புறம் நீங்க சரியாச் சாப்பிடறதில்லைன்னு தெரிஞ்சதும், 'போய் அப்பாகூடக் கொஞ்ச நாள் இரு'ன்னு அனுப்பினதே அவர்தான்பா. நேராச் சொன்னா வேண்டாம்பீங்க. அதான் கருவி அது இதுன்னு சுத்தி வளைச்சோம்" என்றாள். சொல்லி முடித்ததும் அவள்தான் அழுதாள், நானில்லை என்று எழுதச் சொன்னால் எழுதுகிறேன். இன்று தட்டைக் காலி செய்துவிட்டேன். அவளை இப்போதைக்கு அனுப்ப மாட்டேன். நீங்களும் கிளம்பி வாருங்கள், உங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் கொண்டுவாருங்கள்.