மழை! கருவாடு!

என்ட மகள் அஸ்காவைக் கேம்பஸுக்கு அனுப்புறதில்லையென்டு நான் முடிவெடுத்தேன். சத்தமா இல்ல, மனசுக்குள்ள. சத்தமா எடுத்தா என்ட பொஞ்சாதி ஸாஜிதாக்குக் கேட்டிரும்.

படிப்புக்கு நான் எதிரியில்ல. அந்தப் பக்கமே போகாததால அதோட எனக்குச் சண்டையுமில்ல. விஷயம் வேற. இந்த வீட்டுல என்ட பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அஸ்கா. ஸாஜிதா கலியாணத்தண்டு சிரிச்சவ. அதுவும் போட்டோக்காரன் சொல்லி.

"அவள்தான் நல்லாப் பாஸாயிட்டாளே, இன்னும் என்ன?" என்டு ஸாஜிதாக்கிட்டக் கேட்டேன்.

"புள்ளிய மட்டும் பார்த்தது முந்தி. இப்ப அவள் கேட்ட படிப்புக்கு ஆளையும் பார்த்துத்தான் எடுக்கிறாங்களாம். நாளைக்குப் போன்ல முகம் பார்த்துக் கேள்வி கேப்பாங்க."

"பொண்ணு பார்க்கிற மாதிரியா?"

"ஓம். வாப்பாவைப் பார்க்க மாட்டாங்க. அதால புள்ள தப்பினாள்."

அங்கதான் எனக்கு வழி தெரிஞ்சது. கற்பிட்டியில எங்களப்போலக் கருவாடு காயப்போடுற சனத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. "மழை! கருவாடு!" என்டு கத்தினா, சோத்துல கை வெச்சவனும் எழும்பி ஓடணும். அஸ்கா நடக்கப் பழகினதே அப்படி ஓடித்தான். கேள்வி கேக்குற நேரம் அவள் எழும்பி ஓடினா, அவங்க யாரை எடுப்பாங்க? அவள் குந்தின கதிரையையா?

மறுநாள் அவள் போனுக்கு முன்னால குந்தினாள். நான் வேலிக்குப் பின்னால நின்டு அடிவயித்தால கத்தினேன்.

"மழை! கருவாடு!"

ஓடி வந்தாள். கையில போனோட! ஒரு கையால கருவாட்டுப் பாயைச் சுருட்டுறாள், வாயால பதில் சொல்றாள்.

"மன்னிக்கணும் ஸேர், நனைஞ்சா எங்கட சீவியம் போயிரும். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

"அங்க நல்ல வெயிலடிக்குதே மகள்?"

"ஓம் ஸேர். எங்கட வாப்பாக்கு மட்டும்தான் மழை."

போனுக்குள்ள எல்லாரும் சிரிச்சாங்க. வேலிக்குப் பின்னால நானும் சிரிச்சிட்டேன்.

அஸ்கா எடுபட்டாள்.

"அவசரத்துல எப்படிச் சமாளிப்பாயென்டுதான் கேப்பாங்களாம்" என்டா ஸாஜிதா. "வாயால சொல்றதவிடக் காட்டுறது நல்லமெல்லா? வாப்பா எப்படியும் கத்துவார், போனோட ஓடென்டு நான்தான் சொல்லி வெச்சேன்."

"நான் கத்துவேனென்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாளே தொண்டைக்கு இஞ்சித் தண்ணி குடிச்சிக்கிட்டே இருந்தீங்களே!"

இப்ப அஸ்கா கேம்பஸ்ல. புதிய இடம் பழகுமட்டும் துணைக்கென்டு ஸாஜிதாவும் போயிட்டா. வீட்டுல நானும் பூனையும். பகிடி சொன்னா அது எழும்பி வெளியே போகுது.

நேத்துப் பகல் தனியாச் சாப்பிடக் குந்தினேன். போன் அடிச்சது. ஸாஜிதா.

"இஞ்சாருங்க, மழை! கருவாடு!"

சோத்துக் கையும் போனுமா எழும்பி ஓடினேன். வெளியில வெயில் மண்டையைப் பொளக்குது. போனுக்குள்ள அஸ்கா சிரிக்கிறாள். அவளோட சேர்ந்து ஸாஜிதாவும்! போட்டோக்காரன் யாரும் சொல்லாமலே. கொஞ்ச நேரம் அப்படியே வெயில்ல நின்டு கேட்டுக்கிட்டிருந்தேன்.

சிரிச்சு முடிஞ்சு போனை வெச்சிட்டாங்க. திரும்பி வந்து பார்த்தா, என்ட சோத்தைப் பூனை திண்டு முடிச்சிருந்தது.