சவுண்ட் கார்டும் ஹெலிகாப்டர் கோலாட்டமும்

இன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. வீட்டுல இருக்குற பழைய கம்ப்யூட்டருக்குச் சவுண்ட் கார்டு மாத்தணும்.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோட நின்னவ நான். எனக்கே முடியும்னா, எவ்வளவு சின்ன வேலைன்னு பாத்துக்குங்க!

அது விண்டோஸ் 98 காலத்துப் பெட்டி. எங்க கோலாட்டத்துக்கு என் வீட்டுக்காரர் இசை போட்டது அதுலதான். ஞாயித்துக்கிழமை தீபாவளி விருந்துல ஆடணும். ஒத்திகைக்குப் போட்டா, சத்தமே வரல.

அவர் வேலையா ஜொகூர் போயிருக்கார். கேட்டா "நீ தொடாதே"ம்பார். அதனால கேட்கல.

"இசை என் பொறுப்பு"ன்னு மாதர் வாட்ஸ்அப் குரூப்புல பீத்தியிருந்தேன். லெட்சுமி அக்கா உடனே, "முடியலன்னா சொல்லு லா. நான் வேற பாட்டு கொண்டு வாரேன். முன்வரிசையில உன் இடத்தையும் நானே பாத்துக்கிறேன்"னு போட்டாங்க.

என்ன ஒரு நல்ல மனசு!

அவங்க காடியிலதான், பின்சீட்டுல பெட்டியை ஏத்திக்கிட்டு, காதர் அண்ணே கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம்.

"சவுண்ட் கார்டு செத்துப்போச்சு அண்ணே. வேற போடுங்க."

"நல்லா தெரியுமாக்கா?"

"தெரியாமலா தூக்கிட்டு வருவேன்?"

பாவம், நம்பிட்டார். பழசைக் கழட்டி ஓரமா வச்சார். புதுக் கார்டை எடுத்தா, சொருகுற இடமே வேற! அலமாரியைக் குடைஞ்சு பழைய மாடல் ஒண்ணைத் தேடிப் புடிச்சார். அது உக்காந்துடுச்சு.

"இப்ப டிரைவர் போடணும்க்கா. வந்திருக்குற கார்டு எதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சாப்ட்வேர்."

பென்டிரைவுல இறக்கிச் சொருகினார். கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பாக்கல.

"இந்தப் பெட்டிக்குப் பென்டிரைவே தெரியாதுக்கா. அதுக்கும் தனியா ஒரு டிரைவர் வேணும்."

"அப்ப அதையும் பென்டிரைவுலயே போட்டுடுங்க!"

அண்ணே என்னை ஒரு பார்வை பாத்தார். சிடியில எழுதிப் போட்டார்.

சத்தம் வந்துச்சு! ராணி மாதிரி, மெதுவா லெட்சுமி அக்கா பக்கம் திரும்பினேன்.

நாதஸ்வரம் வர வேண்டிய இடத்துல டெலிபோன் மணி. உறுமி வர வேண்டிய இடத்துல ஹெலிகாப்டர்.

"குனிஞ்சு ஆடணுமா, படுத்து ஆடணுமா?"ன்னு கேட்டாங்க அக்கா. கையில போன், வீடியோ ஓடுது.

"உங்க வீட்டுக்காரர் நம்ம வாத்தியச் சத்தத்தையெல்லாம் அந்தப் பழைய கார்டுக்குன்னே ஏத்தி வச்சிருக்கார்"னார் அண்ணே. "பாட்டுல இருக்குறது வெறும் வாத்திய நம்பர்தான். இந்தக் கார்டு அந்த நம்பருக்குத் தன்கிட்ட இருக்குற சத்தத்தைத்தான் வாசிக்கும். இருங்க, பழசுக்கு என்னதான் ஆச்சுன்னு பாப்போம்."

வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார்.

"அக்கா, ஓட்டைக்குள்ள என்ன, மஞ்சளா?"

ஆயுத பூஜை!

அன்னைக்கு ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கிட்டுப் பெட்டியைத் துடைச்சேன். பின்னாடி வரிசையா மூணு வட்ட ஓட்டை. பொட்டு வைக்கவே செஞ்ச மாதிரி! மூணுக்கும் சந்தனம் வச்சேன். அப்புறம் அதுமேலயே ஒயரை வச்சு அமுக்கினேன். பக்தியாத்தான்.

"கார்டு சாகலக்கா. நீங்க உயிரோட பொதைச்சிருக்கீங்க."

பல்குத்தியால அஞ்சு நிமிஷம் சுரண்டினார். பழைய கார்டையே திரும்ப மாட்டினார். நாதஸ்வரம் கணீர்னு வந்துச்சு. உறுமியும்.

முன்வரிசை எனக்குத்தான். ஆனா நான் காடியில ஏறுறதுக்குள்ள ஹெலிகாப்டர் குரூப்புல ஏறிடுச்சு. "இதுக்கே ஆடலாம் லா"ன்னு பாதிப் பேர் ஓட்டுப் போட்டாச்சு.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு மட்டும்தான். அதுவும் வாசல்ல நின்னு.