மூன்றுதான் அழுத்தினார்

வங்கியின் மூன்றாவது குறுஞ்செய்தியும் வந்து விழுந்தபோது லிஃப்ட் மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மூன்று முறை பணம் போயிருந்தது. டிக்கெட் ஒன்றுகூட வரவில்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஆச்சாங்க?” படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல்.

“ஆயிட்டே இருக்கு.”

அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் ஏன் மூன்று முறை அழுத்தினார் என்பதை விளக்க வேண்டும். இருபது வருடமாக லிஃப்ட் பார்க்கிறவர். லிஃப்ட் பட்டனை ஒரு முறை தொட்டால் விளக்கு எரியும். ‘இந்த மாடியில் ஆள் நிற்கிறது’ என்று உள்ளே ஒரு ரிலே சுவிட்ச் நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் நூறு முறை குத்தினாலும் வருவது ஒரே லிஃப்ட்தான். பொறுமையில்லாமல் குத்துகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். எத்தனை அழுத்தினாலும் ஒன்றுதானே என்று இன்று அவரும் குத்தினார்.

டிக்கெட் விற்கும் தளத்துக்கு அந்த நினைவாற்றல் இல்லை. பணம் வங்கியிலிருந்து நேராக ரயில்காரர்களிடம் போவதில்லை. நடுவில் ஒரு நிறுவனம் கைநீட்டி வாங்கி, சரிபார்த்து, அந்தப் பக்கம் கொடுக்கிறது. வாங்கிவிட்டு இன்னும் கொடுக்காமல் அது நிற்கிற நேரம்தான் வட்டம் சுற்றுகிறது. அப்போது மறுபடி அழுத்தினால் அதைப் பொறுத்தவரை புது ஆள், புதுப் பணம்.

போனால் போகிறது என்று விடவும் முடியாது. போன வருடம் மலிவாகக் கிடைக்கிறதென்று இணையத்தில் சோபா வாங்கினார். வந்த பெட்டியை ஒரு கையால் தூக்க முடிந்தது. உள்ளே இருந்தது பொம்மை வீட்டுக்கான சோபா. அளவு போட்டிருந்ததை அவர் படிக்கவில்லை. அன்றிலிருந்து, இருவருக்கும் பொதுவான கணக்கில் இருந்த வீட்டுப் பணம் மனைவி கைக்குப் போயிற்று. டீ குடிக்கக்கூட அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது, வெளியூரில் படிக்கும் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போக டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தபோது, அவளாகவே சொன்னாள்: “இந்தத் தடவை நீங்களே எடுங்க. நான் நம்புறேன்.”

ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த வார்த்தை அது.

கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். டிங். நான்காவது முறை பணம் போனது.

அவர் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். டிங். ஐந்து. எழுந்து சுவரோரம் போய் நின்றார். டிங். டிங்.

“ஏழு” என்று சுவரிடம் சொன்னார்.

மனைவி வெளியே வந்தாள். முகத்தில் ஏதோ கலக்கம். “என்னங்க, ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு. ஒரே அழுத்து.”

“ஒரே அழுத்தா?” அவள் முகம் இன்னும் வாடியது. ‘கண்டுபிடித்துவிட்டாள்’ என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, தளத்தில் புகார்ப் படிவத்தைத் திறந்தார். பாதி நிரப்பும்போதே அது உறைந்து நின்றது.

மறுநாள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் குழியின் அடியில் நின்றபடி உதவி எண்ணுக்குப் போன் போட்டார். மேலே ஏணியில் இருந்த, எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்று கூப்பிடும் கூட்டாளி காதைத் தீட்டிக்கொண்டான்.

“சார், உங்க கணக்குக்கு ஏற்கெனவே ஒரு புகார் பதிவாயிருக்கு” என்றது ஒரு பெண் குரல். “ரெண்டாவது போட்டா நகல்னு தள்ளிடும்.”

உறைந்த படிவம்தான் பாதியில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். “அது அரைகுறைம்மா. அதைத் தூக்கிட்டு இதைப் போடுங்க.”

“கண்டிப்பா தூக்கிடலாமா சார்?”

“தயவுசெஞ்சு தூக்குங்க.”

சாவி தட்டும் சத்தம் கேட்டது. “முடிச்சாச்சு சார். புதுப் புகாருக்கு இருபத்தொரு வேலை நாள் ஆகும்.”

“பழசுக்கு?”

“அது காலைலயே ஒப்புதலாயிருந்துச்சு சார். நாளைக்குப் பணம் வந்திருக்கும்.”

மெக்கானிக் குழியின் சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

“அதைத் திரும்பப் போட முடியாதாம்மா?”

“தூக்கினது தூக்கினதுதான் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“நீங்க செஞ்சதே போதும்மா.”

“அண்ணே” என்றான் ஸ்பேனர் மேலிருந்து, “தானா பணம் போகுதுன்னா எவனோ உள்ள புகுந்துட்டான். முதல்ல கார்டை முடக்குங்க. இல்லன்னா மிச்சத்தையும் வழிச்சுட்டுப் போயிடுவான்.”

“முடக்கினா வீட்டுச் செலவுக்கு?”

“வழிச்சுட்டுப் போனா மட்டும் செலவுக்கு இருக்குமா?”

அது நியாயமாகத்தான் பட்டது. முடக்கினார். முடக்குவது ஒரே அழுத்தில் நடந்தது, வட்டம்கூடச் சுற்றவில்லை.

அன்று மாலை மனைவி கடையிலிருந்து காலிப் பையோடு வந்தாள். “கார்டு வேலை செய்யலைங்க.”

அவர் பையை வாங்கி மேசையில் வைத்தார். இடி எந்தப் பக்கமிருந்து விழும் என்று பார்த்தபடி நின்றார்.

“பரவால்ல விடுங்க” என்றாள் அவள். “மெஷின்தானே, என்ன பண்றது.”

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் எதையும் அப்படி விட்டதில்லை. ஐந்து ரூபாய் சில்லறை குறைந்தால் கடைக்குத் திரும்பிப் போகிறவள். இரவுச் சாப்பாட்டில் அவர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். “நீங்க உடம்பைப் பாத்துக்குங்க. பணம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்” என்றாள். மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிப் பேசுகிறவள் ஏதோ முடிவெடுத்துவிட்டாள். பெட்டி கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகப்போகிறாள்.

மறுநாள் அவள் மதியம் முழுக்க வீட்டில் இல்லை. “எங்க போயிருந்த?” என்று கேட்டதற்கு, “தங்கச்சி வீட்டுக்கு” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த நாள், புதன்கிழமை, அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வங்கிக்குப் போனார். டோக்கன் நாற்பத்தேழு. சுவரில் ஓடிய எண் பத்தொன்பது. தன் முறை வருவதற்குள் மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எட்டு விதமாக ஒத்திகை பார்த்தார். எட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘இனிமே எல்லாம் நீயே பாத்துக்கோ.’ விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கையில் டிக்கெட் இல்லை, கணக்கில் போதுமான பணம் இல்லை, கார்டும் முடங்கிக் கிடந்தது. மகளிடம் என்ன காரணம் சொல்வது?

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த அதிகாரியம்மா அவர் கணக்கைத் திறந்து பார்த்தார். முதல் பார்வையிலேயே, “ஓ, இந்தக் கணக்கா!” என்றார்.

மெக்கானிக்குக்கு அவமானமாக இருந்தது. வங்கிக்கே தெரிந்துபோயிருக்கிறது. மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினார். சுற்றும் வட்டம், லிஃப்ட் ரிலே, பொம்மை சோபா, தூக்கின புகார் எதையும் விடவில்லை.

“நீங்க எத்தனை தடவை சார் அழுத்தினீங்க?”

“சத்தியமா மூணு மேடம். மிச்சம் நாலும் தானா அழுத்திக்கிச்சு. நான் சுவரோரமா நின்னேன்.”

“வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“எப்படி மேடம் சொல்லுவேன்? ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் நம்பிக் குடுத்தா. இது தெரிஞ்சா அந்த நம்பிக்கை போயிடும்.”

அதிகாரியம்மா கண்ணாடியை மெதுவாக மூக்குக்கு இறக்கி, திரையை ஒரு முறையும் அவரை ஒரு முறையும் பார்த்தார்.

“ஏழு தடவை போன பணமும் வந்துடும் சார், அது என் பொறுப்பு. ஆனா நேத்து மத்தியானம் இதே நாற்காலியில உக்காந்து, ‘அவரை நம்புறேன்னு சொல்லிட்டு, மனசு கேக்காம உள்ரூம்ல இருந்து என் போன்ல நானே நாலு தடவை அழுத்திட்டேன், அன்னைக்கு ராத்திரியே புகாரும் போட்டேன், அவருக்கு மட்டும் தெரியவே கூடாது’ன்னு அழுதுட்டுப் போன உங்க வீட்டம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?”