சிரிக்காத மருமக்கள்

மூன்றாம் நாள் காலையில், வேலாயி வைத்த ரொட்டி ஆறுவதற்குள் வைரவன் இரண்டு கொட்டாவி விட்டான். தங்கை இந்திராதேவி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துலிங்கம் அசரவில்லை. நானூறு பேர் பறித்துக் கொட்டும் தேயிலைக் கொழுந்தைத் தினமும் தூளாக்கி அனுப்பும் டீமேக்கர் அவர். பதினாறு வயதுப் பையனையும் பதினான்கு வயதுப் பெண்ணையும் சந்தோஷப்படுத்துவது ஒரு வேலையா?

ஆனால் அது நடந்தே ஆகவேண்டும். மனைவி இறந்து பதினான்கு மாதம். குவாட்டர்ஸில் ரேடியோவைத் தவிர யாரும் பேசுவதில்லை. சமையலுக்கு வரும் வேலாயியும் அளந்துதான் பேசுவாள். கொழும்பில் புடவைக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா சீதாலெட்சுமி, பிள்ளைகளைப் பத்து நாள் லீவுக்கு அனுப்பும்போது கறாராக எழுதியிருந்தாள். பிடித்திருந்தால் ஒவ்வொரு லீவுக்கும் வருவார்கள். பிடிக்காவிட்டால் இதுதான் கடைசி.

முதல் இரண்டு நாளும் பேக்டரியைச் சுற்றிக்காட்டியிருந்தார். கொழுந்து வாடுவதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்.

"தூளு கடையிலயே கெடைக்குதே மாமா" என்றான் வைரவன்.

சரி, பேக்டரி வேண்டாம். மனைவி போனபின் முதல்தடவையாக லீவு எழுதிக் கொடுத்தார். மழை விட்டதும் சிவனொளிபாத மலையைக் காட்ட இருவரையும் மேட்டுக்கு ஏற்றினார். எதிரே பனிமூட்டம் சுவராக நின்றது. இரண்டு மணி நேரம் கையை நீட்டி, இது உச்சி, அது சரிவு என்று வெள்ளையையே விளக்கினார்.

"தெரியுதா?"

"நீங்க சொன்னா இருக்கும் மாமா" என்றாள் இந்திரா.

அடுத்து ஆறு. அட்டை கடிக்காமலிருக்கப் பிள்ளைகளின் காலுக்கெல்லாம் சவர்க்காரம் தேய்த்துவிட்டார். தன் காலை மறந்துவிட்டார். பதினோரு அட்டையும் அவரைத்தான் பிடித்தன. ஒன்றைப் பிய்க்கக் குனிந்தவர் வழுக்கி, தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தார். கரையில் இருவரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள். பார்க்கவே வெறுத்துவிட்டது போலும்.

ஆறாம் நாள் தேயிலை மலைக்குக் கூட்டிப்போய்க் கொழுந்து பறித்துக் காட்டினார். அதற்காக ஒரு கூடையை வாங்கி, அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வேலை ஓடவில்லை.

"ஐயா, நாளைக்கும் காலையில பேர் பதியிற பெரட்டுக்கு வந்திருவீங்கள்ல? உங்களுக்கு ஒரு நெரை ஒதுக்கி வைக்கிறோம்" என்றாள் அவர்களில் ஒருத்தி, அம்மாக்கண்ணு.

அந்த நேரம் பார்த்துத் தோட்ட மானேஜர் பெரியதுரையின் ஜீப் வந்து நின்றது. துரை டீமேக்கரைத் தலை முதல் கால்வரை பார்த்தார். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

பிள்ளைகளின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

ஒன்பதாம் நாள் கடைசி அடி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தப்படிக்கிறவர்களை வரவழைத்தார். வாசலில் தப்பு முழங்கியது. இருவரும் இஸ்தோப்புத் திண்ணையில் தூணைப் போல உட்கார்ந்திருந்தார்கள். முத்துலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார், இறங்கி ஆடினார். அவருக்கு ஆடத் தெரியாது. லயமே திரண்டு வந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது இந்திரா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் குலுங்கியது.

பிள்ளை அழுகிறது. அதோடு ஆட்டத்தை நிறுத்தினார்.

மறுநாள் ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டபோது, போய் வருகிறோம் மாமா என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி, கடனே என்ற முகத்தோடு சொன்னார்கள். ரயில் வளைவில் மறையும்வரை அவர் கையை ஆட்டினார். தோற்றது தோற்றதுதான். பத்து நாளில் தனக்கு நன்றாகப் பசித்ததும் தூக்கம் வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இனி அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, அவர்கள் படுத்த பாய் இரண்டையும் சுருட்டினார். பரணில் போட்டுவிடச் சொல்லி வேலாயியிடம் நீட்டினார். இனி யாரும் வரப்போவதில்லை என்றார்.

வேலாயி பாயை வாங்கவில்லை.

"அது அங்கேயே கெடக்கட்டுங்கய்யா. தெனமும் குசினிக்குள்ள அடுப்புகிட்ட வந்து வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்ச புள்ளைக அது. மாமா முன்னால மட்டும் பல்லக் காட்டிறாதீங்கன்னு உங்க அக்காதான் சொல்லி அனுப்புனாங்களாம், காட்டிட்டா மாமா மறுபடியும் பேக்டரிக்குள்ள போயி உக்காந்துக்குவாருன்னு."